ஆட்குறைப்பும் விசுவாசமும்



ஒரு பெரிய கம்பெனி ஒரு முறை ஆள் குறைத்தால் அது ஒரு துன்பம். அதே கம்பெனி ஆண்டுக்கொரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை, பட்டியல் போட்டு ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தால் அது வேறு வகைத் துன்பம். முன்னது வேலை போனவர்களை வாட்டுகிறது. பின்னது வேலையில் இருப்பவர்களையும் சேர்த்து வாட்டுகிறது. இந்த இரண்டாவது துன்பத்தைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

ஜொகூரில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று. செனாய், தெப்ராவ், பாசிர் கூடாங் வட்டாரத் தொழிற்சாலைகளை நம்பி அடுப்பு மூட்டும் குடும்பங்கள் எத்தனையோ. விடியுமுன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்து இரவில் வீடு திரும்புவோர் எத்தனையோ. உலகச் சந்தையில் எங்கோ ஒரு விலை சரிந்தால் அதன் அதிர்ச்சி நமது தெருவரை வந்து சேர்கிறது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 இடங்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அச்செய்தியை நெஞ்சு படபடக்கப் படித்த வீடுகள் ஜொகூர் பாருவிலும் இருந்தன.

இந்நிலையில் நமது இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கம்பெனி எங்களிடம் விசுவாசமாக இல்லாதபோது, நாங்கள் மட்டும் ஏன் கம்பெனியிடம் விசுவாசமாக இருக்க வேண்டும்?" பெரியவர்கள் இதற்கு, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும், தம்பி" என்று விடை கூறுகிறார்கள். இளைஞர்கள் சிரிக்கிறார்கள், பெரியவர்கள் வருந்துகிறார்கள். இரு சாராரும் பாதி உண்மையையே பேசுகிறார்கள் என்பது எமது எண்ணம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஓதுபள்ளியும் ஆரம்பப் பள்ளியும் தந்த அறிவைக் கொண்டு கடை நடத்துபவர். ஆயினும் கடைக்காரரிடம் பட்டதாரியிடம் இல்லாத ஒரு புத்தகம் உண்டு. அதுதான் கடன் புத்தகம். ஊரின் மனநிலை பத்திரிகையில் வருவதற்கு முன் அதில் வந்துவிடும்.

கடன் புத்தகம் சொல்வது

எமது கடைக்குச் சற்றுத் தொலைவில் ஒரு தொழிற்சாலை. அதன் பெயர் இங்கு வேண்டாம். சில ஆண்டுகளுக்குள் அங்கு நான்கு முறை ஆட்குறைப்பு நடந்தது. ஒவ்வொரு முறையும் நிர்வாகத்தார் எஞ்சியவர்களைக் கூட்டி, "இதுதான் கடைசி; இனி அச்சமில்லை" என்று சொன்னார்களாம்.

முதல் முறை வேலை போனவர்களின் கணக்கு வாராக்கடன் ஆகிவிடுமோ என்று எமக்குக் கவலை இருந்தது. நடந்தது வேறு. அவர்களில் பெரும்பாலோர் நட்டஈட்டுத் தொகை கைக்கு வந்ததும் நேரே கடைக்கு வந்து, காசு பாக்கியின்றித் தீர்த்துவிட்டுப் போனார்கள். வேலை போயிற்று, ஆனால் அவர்களுக்குத் தங்கள் நிலைமை இன்னதென்று தெரிந்துவிட்டது. சிலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். சிலர் உணவுக்கடை போட்டார்கள்.

மாற்றம் தெரிந்தது எஞ்சியவர்களின் பக்கங்களில். 10 கிலோ அரிசி வாங்கியவர் 5 கிலோ வாங்கினார். பெருநாளுக்கு முன்கூட்டியே நெய்யும் பருப்பும் சொல்லிவைப்பவர், "பார்க்கலாம், பாய்" என்றார். தவணைக்குக் குளிர்பதனப் பெட்டி எடுக்க இருந்தவர் நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் இவர்களுடைய சம்பளத்தில் ஒரு காசும் குறையவில்லை. குறைந்தது நாளை என்பதன்மேல் இருந்த நம்பிக்கை மட்டுமே.

மாலையில் சாமான் வாங்க வருவோர் பேசிக்கொண்டதையும் கேட்டிருக்கிறோம். இரண்டாம் முறைக்குப் பின், அனுபவம் மிக்க ஓர் இயந்திரக்காரர் புதிய பையனுக்குத் தொழில் நுணுக்கம் சொல்லித் தருவதை நிறுத்திவிட்டார். "எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்துவிட்டால் அடுத்த பட்டியலில் என் பெயர்தானே" என்றார். மூன்றாம் முறைக்குப் பின், இயந்திரத்தில் வேறு சத்தம் கேட்டாலும் மேற்பார்வையாளரிடம் சொல்ல ஆளில்லை. கெட்ட செய்தி கொண்டுபோகிறவன் முகம் மேலிடத்துக்கு ஞாபகம் இருக்கும் என்ற பயம். சிலர் காய்ச்சலோடு வேலைக்குப் போனார்கள். சிலர் இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துத் தீர்த்தார்கள். நான்காம் முறை வருமுன்பே, கைத்தொழில் நன்கு தெரிந்த வாலிபர்கள் தாமாகவே வேறிடம் தேடிக்கொண்டார்கள். கம்பெனி யாரை இருக்க வைக்க விரும்பியதோ அவர்கள் போயினர்; போக வழியற்றவர்கள் இருந்தனர்.

அங்கு யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை, கூச்சல் போடவில்லை. வெளிப்பார்வைக்கு எல்லோரும் முன்னிலும் பணிவாக இருந்தார்கள். நிர்வாகம் அந்தப் பணிவையே விசுவாசமென்று எண்ணியிருக்கக்கூடும். அச்சத்தால் வாய் மூடியிருப்பது விசுவாசம் ஆகாது.

விசுவாசம் என்ற சொல்லுக்குள் மூன்று பொருள்

நிற்க. விசுவாசம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டியதைப் போன்றது. பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன விலை என்று தெரியும்.

முதலாவது நாணயம். வாங்கும் கூலிக்கு ஒப்புக்கொண்ட வேலையைக் கள்ளமின்றிச் செய்வது. இது கடன். கொடுத்தே தீரவேண்டும்.

இரண்டாவது நன்றி. ஒருவர் தாம் கடமைப்படாத உதவியை நமக்குச் செய்தால், அதை மறவாதிருப்பது. இதுவும் உயர்ந்த குணமே. ஆனால் கூலி உதவியன்று. உழைப்பை வாங்கிக்கொண்டு கொடுத்த விலை. எமது கடையில் பணம் கொடுத்து அரிசி வாங்கியவர் எமக்கு நன்றிக்கடன் பட்டவர் ஆவாரா? மாட்டார். கூலி வாங்கியவரும் அவ்வாறே.

மூன்றாவது பற்று. "இது நமது கம்பெனி" என்ற உணர்ச்சி. நேரம் முடிந்த பின்னும் நின்று குறை வேலையை முடிப்பது, வெளியே ஒருவர் இழிவாகப் பேசினால் மனம் வலிப்பது, அதிகச் சம்பளம் வேறிடத்தில் கிடைத்தும் போகாதிருப்பது, எல்லாம் இதில் அடங்கும். இதைக் கேட்டுப் பெற முடியாது. கட்டளையிட்டும் பெற முடியாது. நல்ல நடத்தையைக் கண்டு நாளடைவில் தானே வளர்வது.

நமது பெரியவர்கள் முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றாகக் கலந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்களில் பலருடைய பாட்டனார் காலத்துத் தோட்டத்தில் லயத்து வீடும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் துரையின் கையிலேயே இருந்தன. ஆதலின் கூலியும் அவர் போட்ட பிச்சை போலத் தோன்றிற்று. அந்த விசுவாசத்துக்கு என்ன மதிப்பு கிடைத்தது? 1930ஆம் ஆண்டு முதல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தது. 1932இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. அந்த ஓரிரு ஆண்டுகளில் மலாயாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகி, பின்னும் இறங்கியது. காடு வெட்டியவன் யார், பாம்புக்கடி பட்டவன் யார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ரப்பர் விலையே கணக்கு.

மலேசிய ஏர்லைன்ஸ் தரும் பாடம்

இனி நமது காலத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மலேசிய ஏர்லைன்ஸ் நாட்டின் கொடியைத் தாங்கிப் பறக்கும் கம்பெனி. அதில் வேலை என்றால் ஒரு காலத்தில் குடும்பத்துக்கே பெருமை.

2005ஆம் ஆண்டு அது நூறு கோடி வெள்ளிக்கும் மேல் நஷ்டம் கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இட்ரிஸ் ஜாலா தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2006இல் மீட்புத் திட்டம் வந்தது. அதில் ஆட்குறைப்பும் இருந்தது. பலர் தொகை பெற்றுக்கொண்டு விலகினர். எஞ்சியவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வேலை செய்தனர். 2007இல் 85 கோடி வெள்ளியளவு லாபம் வந்தது. "தப்பித்தோம்" என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 2011இல் நஷ்டம் மீண்டும் 250 கோடி வெள்ளியைத் தொட்டது.

பிறகு வந்தது 2014ஆம் ஆண்டு. மார்ச் 8ஆம் நாள் எம்எச் 370 விமானம் 239 பேரோடு மறைந்தது. ஜூலை 17ஆம் நாள் எம்எச் 17 விமானம் உக்ரேன் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 உயிர்கள் மாண்டன. இந்த இரண்டு விமானங்களிலும் பணியிலிருந்தவர்கள் மட்டும் 27 பேர். ஐந்து மாதத்துக்குள் 27 தோழர்களை இழந்த பின்னும், மறுநாள் காலை சீருடை அணிந்து, பயணிகளைப் புன்னகையோடு வரவேற்று, அதே வகை விமானத்தில் ஏறியவர்கள் அந்தக் கம்பெனியின் சிப்பந்திகள். நாம் மேலே பற்று என்று சொன்னதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், பெரும்பங்குதாரரான கசானா நேஷனல் 600 கோடி வெள்ளியில் ஒரு சீரமைப்புத் திட்டத்தை வெளியிட்டது. ஏறத்தாழ 20,000 பேரில் 6,000 பேரைக் குறைப்பது அதில் ஒரு பகுதி. 2015ஆம் ஆண்டில் இதற்கென்று தனிச் சட்டமே நடப்புக்கு வந்தது. பழைய கம்பெனியை மூடி, மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதிய கம்பெனி தொடங்குவது ஏற்பாடு. புதிய கம்பெனியைப் பழைய கம்பெனியின் வாரிசு முதலாளியாகக் கருதலாகாது என்று அச்சட்டம் விதித்தது. பழைய கம்பெனியில் எல்லோருடைய வேலையும் முடிந்தது. சுமார் 14,000 பேருக்குப் புதிய கம்பெனியில் புதிய ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. செப்டம்பர் 1ஆம் நாள் புதிய கம்பெனி பறக்கத் தொடங்கியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு பலிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து தலைமை ஏற்க வந்த கிறிஸ்டோப் முல்லர், கம்பெனி கணக்குப்படி நொடித்துப்போன நிலையில் இருக்கிறது என்று 2015 ஜூனில் வெளிப்படையாகவே கூறினார். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த அவரும் சொந்தக் காரணங்களைக் கூறி 2016இலேயே விலகிக்கொண்டார்.

இங்கு நாம் யாரையும் திட்ட வரவில்லை. கம்பெனியை மூடிவிட்டிருந்தால் 6,000 பேருக்குப் பதில் 20,000 பேர் தெருவில் நின்றிருப்பர். தொகையை முன்கூட்டிச் சொன்னதும், நிலைமையை மறைக்காததும் பாராட்டத்தக்கவை. ஆயினும் ஒரு தார்மிகக் கேள்வி எஞ்சி நிற்கிறது. கடைக்காரரின் மொழியிலேயே கேட்கிறோம். ஒரு கடை கைமாறும்போது பழைய பேரேட்டை மூடிப் புதுப் பேரேடு போடுவது வழக்கம். சரக்கையும் பலகையையும் எடுத்துக்கொள்கிறவர், பழைய வாடிக்கையாளர்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். அப்படியிருக்க, அந்தக் கடைக்காக இருபது ஆண்டு உழைத்தவரின் பக்கத்தை மட்டும் வெள்ளைத் தாளாக்கிவிட முடியுமா? சட்டப்படி முடியும். அதன் பிறகு, "இது உங்கள் கம்பெனி, உள்ளன்போடு உழையுங்கள்" என்று அவரிடம் கேட்கும் உரிமை பழைய கணக்கோடு போய்விடுகிறது. நாணயத்தைக் கேட்கலாம். பற்றைக் கேட்க முடியாது. அதை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் சம்பாதிக்க வேண்டும்.

தேதி தெரிந்த துன்பம்

இன்னொரு உதாரணம் நமக்கு மிக அண்மையில், நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளம் தமிழர், மலையாளிகள் உட்படப் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. 1967 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு, 1970களின் நடுவில் முற்றும் விலகுவதாகச் சொன்னது. ஆறு மாதம் செல்லுமுன் அந்தச் சொல் மாறியது. 1968 ஜனவரி 16ஆம் நாள் பிரதமர் ஹெரால்டு வில்சன் 1971 இறுதிக்குள் விலகல் முடிந்துவிடும் என்று அறிவித்தார். 1971 மார்ச்சு என்று முதலில் இருந்ததை, லீ குவான் யூ லண்டனுக்கே போய் வாதாடி டிசம்பர் வரை தள்ளிவைத்தார். வெறும் ஒன்பது மாதம்தானே என்று எண்ணலாகாது. சிங்கப்பூரின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்போது அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது.

அங்கும் ஆட்குறைப்பு பகுதி பகுதியாகத்தான் நடந்தது. அங்கும் கண்ணீர் இருந்தது. வயதானவர்கள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினர். ஆனால் ஒரு வேற்றுமை. எந்த ஆண்டில் எல்லாம் முடியும் என்று தொழிலாளிக்குத் தெரியும். அதற்குள் வேறு தொழில் கற்கப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. தளங்களை வேறு தொழிலுக்கு மாற்றத் தனி இலாகா அமைந்தது. கப்பல் பட்டறை 1968இலேயே சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் கப்பல் பட்டறைக் கம்பெனியாக மாறி, அதே தொழிலாளரில் பலருக்கு வேலை கொடுத்தது.

தேதி தெரிந்த துன்பத்துக்கு மனிதன் ஏற்பாடு செய்துகொள்வான். பெண்ணின் கல்யாணத்தை முன்னே வைப்பான். வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று யோசிப்பான். மகனை எந்தத் தொழிலில் சேர்ப்பது என்று முடிவு செய்வான். தேதி தெரியாத துன்பத்துக்கு ஏற்பாடே கிடையாது. அது ஒவ்வோர் இரவும் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். தவணை முறையில் ஆள் குறைப்பதன் கொடுமை இதுவே.

முதலாளி பக்கத்து நியாயம்

நாமும் ஒரு சிறு முதலாளிதான். எமது கடையிலும் சிப்பந்திகள் இருக்கிறார்கள். ஆதலின் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது.

பெரிய கம்பெனிக்காரர் கூறுவது இது: "வியாபாரம் எவ்வளவு இறங்கும் என்று எங்களுக்கே தெரியாது. ஒரேயடியாக ஆயிரம் பேரை அனுப்பிவிட்டு, பிறகு ஐந்நூறு பேர் போதுமானதாக இருந்தால் அந்த ஐந்நூறு பேருக்குச் செய்தது அநியாயமாகாதா? முன்கூட்டியே சொன்னால் நல்ல ஆட்கள் முதலில் ஓடிவிடுவார்கள். கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள்."

இதில் நியாயம் இல்லாமலில்லை. வருவதை முற்றும் அறிந்தவன் மனிதரில் இல்லை. முதல் ஆட்குறைப்புக்குப் பின் நிலைமை மோசமாகி இரண்டாவது வர நேரலாம். அதைப் பாவம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது குற்றம். "இதுதான் கடைசி" என்ற வாக்கு ஓர் அமானிதம். அதை நம்பி ஒருவர் வீட்டுக்கடன் வாங்குகிறார். இன்னொருவர் வேறிடத்தில் வந்த வேலையை வேண்டாம் என்கிறார். மூன்று மாதத்தில் அவரை அனுப்பினால் பறித்தது வேலை மட்டுமன்று. அவர் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய வழியையும் பறித்தாயிற்று. "எமக்கே தெரியாது; ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்; அதுவரை யாரையும் தொடமாட்டோம்" என்று சொல்வதில் என்ன வெட்கம்? ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் என்று நின்றால், அந்தச் சிறு வாக்கே பெரிய மூலதனம்.

நல்ல ஆட்கள் ஓடிவிடுவார்களே என்கிறார்கள். மறைத்து வைத்தாலும் அவர்களே முதலில் ஓடுகிறார்கள் என்பதைத்தான் எமது தெருவில் கண்டோம்.

தொழிலாளியின் கடமை யாருக்கு?

இப்போது இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். கம்பெனி வாக்குத் தவறிவிட்டது. இனி நான் ஏன் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்?

தம்பிமார்களே, பற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம். வேறு வேலை தேடலாம், அது துரோகமன்று. கூலியில்லாத மேலதிக நேரத்தை மறுக்கலாம். சங்கத்தில் சேர்ந்து நியாயம் கேட்கலாம். ஆனால் நாணயத்தை மட்டும் கைவிடாதீர்கள். ஏனெனில் அது கம்பெனிக்கு மட்டும் கொடுக்க வேண்டிய கடனன்று.

விமானச் சக்கரத்தில் திருகாணி முடுக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் அதை யாருக்காக முடுக்குகிறார்? சம்பளம் கொடுப்பது கம்பெனி. ஆனால் உயிரை ஒப்படைப்பவர் உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணி. அந்தப் பயணி யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. செனாயில் செய்த மின்சாரப் பொருள் எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் கைக்குப் போகிறது. அந்தக் குழந்தைக்கும் உங்கள் மேலாளருக்கும் என்ன சம்பந்தம்? எமக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி எம்மை ஏமாற்றினான் என்பதற்காக, வாடிக்கைக்காரருக்கு நாம் தராசில் குறைக்கலாமா? நமக்கு அநியாயம் செய்தவன் ஒருவன். அதன் விலையைக் கொடுப்பவன் வேறொருவன். இது நீதியாகாது.

இன்னொரு கடமையும் உண்டு. அது பக்கத்தில் நிற்கும் தோழருக்கு உரியது. ஆட்குறைப்புக் காலத்தில் அதிகமாகக் கெடுவது இதுவே. தான் தப்புவதற்காக அடுத்தவரைப் பற்றிக் கோள் சொல்வது, தெரிந்த தொழிலை மறைத்து வைப்பது, வேலை போனவரைக் கண்டால் தொத்து நோய்க்காரரைக் கண்டதுபோல் விலகிப்போவது. நேற்று வரை ஒன்றாகப் பசியாறியவர் இன்று பள்ளிவாசல் வாசலில் நின்றால் ஸலாம் சொல்லவும் தயங்குகிறோம். அவருக்கு நம் அனுதாபத்தைவிட அதிகம் தேவைப்படுவது ஒரு தகவல்: எங்கே ஆள் எடுக்கிறார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்பது. கம்பெனியின்மேல் வைத்திருந்த பற்று வீணாயிற்றென்றால், அதைத் தோழர்மேல் வையுங்கள். அங்கு அது வீணாகாது.

தெரிந்திருக்க வேண்டியவை

தம் உரிமையை அறியாதவரே அதிகம் அஞ்சுகிறார். நமது நாட்டுச் சட்டத்தில் சில பாதுகாப்புகள் உள்ளன. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நீக்கினால் நட்டஈடு கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். எட்டு ஆண்டு உழைத்தவருக்கு 160 நாள் சம்பளம் என்று ஆகிறது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறுவோருக்கு இவ்விதி பொருந்தாது. அவர்கள் தத்தம் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். நிர்வாகம் குறைந்தது 30 நாட்களுக்கு முன் தொழிலாளர் இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

1975ஆம் ஆண்டுத் தொழில் இணக்க நெறிமுறை, ஆள் குறைப்பதற்கு முன் புதிய ஆள் எடுப்பதையும் மிகைநேர வேலையையும் குறைத்துப் பார்க்கும்படியும், நீக்கும்போது பாரபட்சமற்ற அளவுகோலின்படி ஆளைத் தேர்ந்தெடுக்கும்படியும் அறிவுறுத்துகிறது. இது கட்டாயச் சட்டமன்று. ஆனால் தொழில் நீதிமன்றம் இதைக் கருத்திற்கொள்ளலாம். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். 2018 முதல் நடப்பில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவிக்கும் பெர்கெசோவிடம் 60 நாட்களுக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் நாட்களைக் கடத்திவிடாதீர்கள். தாமாக விலகுவதாக எழுதிய தாளில், ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துப் பார்க்காமல், கையொப்பமிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் நமது சங்கத்திலும் இருக்கிறார்கள்.

முடிவாக ஒன்று. முதலாளிகள் வரவையும் செலவையும் எழுதி ஐந்தொகை போடுகிறார்கள். இயந்திரம் தேய்வதற்குக்கூட அதில் ஓர் இடம் உண்டு. சொன்ன சொல் தேய்வதற்கு இடமில்லை. நான்காம் முறை "இதுதான் கடைசி" என்று சொல்லும்போது கேட்பவர் தலையை மட்டும் ஆட்டுகிறாரே, அங்கே ஒரு சொத்து முழுதும் கரைந்துவிட்டது. அதை ஈடுகட்ட எந்த வங்கியும் கடன் தராது. பெரிய கம்பெனி நடத்துவோரும் நம்மைப் போன்று இரண்டு பேரை வைத்துக் கடை நடத்துவோரும் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நமது இளைஞர்களோ, யார் எப்படி நடந்துகொண்டாலும், தங்கள் கைவேலையில் குறை வைக்காதிருப்பார்களாக.